பிற்பகலில் சூடேறாத அடுப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆய்வகத்தின் வாசலில் குடையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே வாங்க" என்றேன்.

"கடிதம் போட்ட மேடம் நீங்கதானா?"

"ஆமாம்."

"அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? போன மாசம் ஒரு இடத்துல, நான்தான் மேனேஜர்னு சொல்லி ஒருத்தர் மெஷினைக் கழட்டச் சொன்னாரு. கழட்டிட்டேன். அப்புறம் பார்த்தா அவர் வாட்ச்மேன்."

என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதிலிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் இளைச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குடையை மடக்கினார்.

அவருடைய நிறுவனத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முந்தைய நாள் தொலைபேசியில் பேசிய எழுத்தர், "நாளைக்குச் சந்தேகத்தை அனுப்பி வைக்கறோம் மேடம்" என்றபோது, கேலி செய்கிறார் என்று கோபப்பட்டேன். அது கேலியன்று. ஐம்பது வயதை எட்டிய ஒரு பழுதுபார்ப்பவரின் பட்டப்பெயர் அது.

எங்கள் ஆய்வகம் சமையல் எண்ணெயைச் சோதித்துச் சான்று வழங்கும் இடம். அதில் ஒரு பிரிவுக்கு நான் தலைவி. எங்களிடம் ஒரு பழைய கேஸ் குரோமட்டோகிராஃப் இருந்தது. எண்ணெயிலிருந்து தயாரித்த திரவத்தில் ஒரு சொட்டுக்கும் குறைவாக எடுத்து ஊசியால் அதற்குள் செலுத்தினால், அது ஆவியாகி, மயிரிழை போன்ற நீண்ட சுருள் குழாய் வழியே ஓடும். எந்தப் பொருள் எந்த நிமிடத்தில் வெளியே வருகிறது என்பதைக் கொண்டு கலப்படத்தைக் கண்டுபிடிப்போம். சுருள் குழாய் இருக்கும் சூடான பெட்டியை நாங்கள் அடுப்பு என்போம். அடுப்பு இருநூற்று நாற்பது பாகை வரை சீராக ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சோதனை செல்லாது.

இரண்டு மாதங்களாக அது ஏறவில்லை. காலையில் ஏறும், பிற்பகலில் நூற்றுத் தொண்ணூறோடு நின்றுவிடும். மறுநாள் காலையில் போட்டால், எதுவும் நடக்காதது போல ஏறும். அவருக்கு முன்பு வந்த இருவர் வெப்பத்தை அளக்கும் சென்சாரை மாற்றினார்கள். ஹீட்டருக்கு மின்சாரம் விடும் அட்டையையும் மாற்றினார்கள். இருவரும் காலையில் வந்து, கருவி ஒழுங்காக ஓடுவதைக் கண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிற்பகலில் அந்தக் கருவியை இயக்கியவள் ஒருத்திதான். முப்பத்து நான்கு வயது. ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணி. கை நடுங்காமல் ஊசி போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் எல்லாரும் ஊசிக்காரி என்றார்கள். அவளுடைய குழந்தையைக் காப்பகத்திலிருந்து நான்கரை மணிக்குள் அழைத்துவர வேண்டும். அடுப்பு நின்றுவிட்டால் வேலை இல்லை. நான்கு மணிக்கே கிளம்பிவிடலாம். அடுப்பு ஓடினால் ஆறு மணி ஆகும்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதிவேட்டை நாள்தோறும் எழுதியவள் நானே. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நாள்களில் பழுது. புதன்கிழமைகளில் மட்டும் பழுது இல்லை. புதன்கிழமையன்று குழந்தையை அழைத்துவருபவர் அவளுடைய மாமியார். அன்று அவளுக்கு அவசரம் இல்லை.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றியது. இயக்குநருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அவளுடைய பணியை நிரந்தரமாக்குவதா, விலக்குவதா என்று வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிவெடுப்பதாகச் சொன்னார். அதற்குள் பழுதின் காரணம் எழுத்தில் வேண்டும் என்றார்.

சந்தேகம் வந்தது அதற்கு முந்தைய நாள்.

பையிலிருந்து மின்சாரத்தை அளக்கும் மீட்டரை எடுத்தார். அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து, முதல் மீட்டரை அதனால் சோதித்தார்.

"அந்த இரண்டாவது மீட்டரை எதனால சோதிப்பீங்க?" என்று ஊசிக்காரி கேட்டாள்.

"வீட்ல மூணாவது இருக்கு தங்கச்சி."

அதன் பிறகு கருவியைத் தொடவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பதிவேட்டைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் படித்தார். வேலை தெரியாதவர் நேரத்தைப் போக்குகிறார் என்று நான் முடிவுகட்டினேன். நடுவில் எழுந்து குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார். சுவரிலிருந்த கடிகாரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். "உணவுப் பொருள்களை ஆய்வகத்துக்குள் கொண்டு வரக்கூடாது" என்று நான் எழுதி ஒட்டியிருந்த அறிவிப்பை இருமுறை படித்தார்.

"எல்லாரும் இதை மதிக்கறாங்களா?"

"மதிக்காதவர்கள் இங்கே இல்லை" என்றேன்.

"ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் இருந்த அவநம்பிக்கை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஊசிக்காரியை உட்கார வைத்து விசாரித்தார்.

"மதியம் மெஷின் கிட்ட யார் வருவாங்க?"

"நான்தான் சார். ரெண்டு மணிக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"சாப்பாட்டு நேரம். அறையில யாரும் இருக்க மாட்டாங்க."

"அடுப்புக் கதவைத் திறந்து திறந்து பார்ப்பியா?"

"எதுக்கு சார்? உள்ளே என்ன குழந்தையா தூங்குது?"

"நாலு மணிக்குக் கிளம்பிடறியாமே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அதைச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மெஷின் நின்னா கிளம்பறேன். நிக்கலைன்னா இருக்கேன். நின்னு போன மெஷினுக்கு நான் துணைக்கு உட்காரணுமா?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

"பார்த்தீங்களா?" என்றேன். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்."

"குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் மேடம். கேள்வி கேட்டா எல்லா நெஞ்சும் குறுகுறுக்கும்" என்றார். "புதன்கிழமைக் கணக்கு நல்லாப் பொருந்துது. அதான் எனக்குப் பிடிக்கல. ரொம்பப் பொருந்தறது எதுவும் எனக்குப் பிடிக்காது."

இந்தக் குணம் அவருக்கு எப்படி வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். இருபத்தாறு வயதில், ஒரு தொழிற்சாலையில் சூளையைப் பழுதுபார்க்கப் போயிருக்கிறார். "மெயின் சுவிட்சை நானே அணைச்சிட்டேன், கையை வைங்க" என்று நெடுநாள் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நண்பர் பொய் சொல்லவில்லை. அடுத்த சூளையின் சுவிட்சை அணைத்திருந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் அன்று மடங்கியவை, பிறகு நிமிரவேயில்லை. "அன்னைக்கு விரலோட நம்பிக்கையும் போச்சு. பால்காரர் பால்னு சொன்னாலும் மோந்து பார்ப்பாரு. கல்யாணப் பத்திரிகை வந்தா, பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணித் தேதி சரியான்னு கேட்பாரு. எனக்குத் தலைவலின்னா, எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை கேட்பாரு. ரெண்டு தடவையும் ஒரே பக்கம் சொன்னாத்தான் மாத்திரை" என்றார் அந்த அம்மையார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை நண்பகலில் அவர் அறையை விட்டு நகரவில்லை. "நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார். எனக்குச் சிறிது சங்கடமாக இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கருவியின் பின்பக்கத்தில், சுவருக்கும் அதற்கும் இடையே ஒரு முழ அகலத்தில் சந்து இருந்தது. காலைச் சோதனைகள் முடிந்ததும் அடுப்பு ஆற வேண்டும். அப்போது பின்னாலுள்ள ஒரு சிறிய தகட்டுக் கதவு தானாகத் திறக்கும்; விசிறி வெப்பக்காற்றை வெளியே தள்ளும். காற்று வெளியேறும் அந்த வாயில், ஒரு சாப்பாட்டு டப்பாவை வைப்பதற்கென்றே செய்தது போல் இருந்தது. பதினொரு ஆண்டுகளாக என் சாப்பாட்டை அங்கேதான் சுடவைத்தேன். பன்னிரண்டரைக்கு வைத்து ஒரு மணிக்கு எடுப்பேன். அறிவிப்பு மற்றவர்களுக்காக எழுதியது. எனக்கு வயிற்றுக் கோளாறு உண்டு. ஆறிய உணவு ஒத்துக்கொள்ளாது. ஆகையால் என்னுடையது தவறன்று என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் உட்கார்ந்திருந்ததால் ஆறிய உணவை உண்டேன். பிற்பகலில் ஊசிக்காரி கருவியை இயக்கினாள். அடுப்பு இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. மூன்று முறையும் ஏறியது.

எனக்கிருந்த ஐயம் முற்றிலும் தீர்ந்தது. "கண்காணிக்க ஆள் இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது. இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?" என்று அவரிடம் கேட்டேன்.

"இன்னைக்கு வேற என்ன மாறுச்சு?"

"ஒன்றுமில்லை."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒன்றுமில்லை என்கிறேனே!"

எத்தனையோ முறை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. டப்பா என் நினைவுக்கு வரவேயில்லை. விளக்கை ஏந்தி எல்லார் முகத்தையும் தேடியவளுக்குத் தன் முகம் மட்டும் தெரியவில்லை.

மாலையில் எல்லாரும் கிளம்பும்போது அவர் மட்டும் சந்துக்குள் நுழைந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அளவெடுக்கும் நாடாவின் ஓசை கேட்டது. வெளியே வந்தபோது விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி வர மாட்டேன். எப்பவும் எப்படி நடக்குமோ அப்படியே நடக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை எப்பொழுதும் போலவே நடந்தது. பன்னிரண்டரைக்கு டப்பாவை வைத்தேன். ஒரு மணிக்கு எடுத்தேன். இரண்டரை மணிக்கு அடுப்பு நூற்றுத் தொண்ணூறில் நின்றது. ஊசிக்காரி என்னிடம் வந்து சொன்னபோது அவளுடைய உதடுகள் வெளுத்திருந்தன.

"நான் எதுவும் பண்ணல மேடம்."

"நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்றேன்.

"சொல்லாம இருக்கறதுதான் மேடம் பயமா இருக்கு."

மூன்று மணிக்கு அவர் வந்தார். நேரே சந்துக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கதவு ஒரு விரற்கடை திறந்து நிக்குது. அதை இழுத்து அடைக்கற கம்பிக்கை, அது உட்கார்ற காடியிலேருந்து, அதான் அந்தப் பள்ளத்திலேருந்து, நழுவியிருக்கு. சூடெல்லாம் இந்த வழியாப் போகுது. ராத்திரி மெஷினை அணைச்சுக் காலையில போட்டா, மோட்டார் ஒரு சுத்து சுத்தித் தானாவே காடியில உட்கார்ந்துடும். அதான் காலையில யாருக்கும் தெரியல." பிறகு வெளியே வந்து எங்களைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் அந்தக் கதவு விளிம்புல நீலச் சாக்கட்டியைப் பூசிட்டுப் போனேன். இன்னைக்கு அது தேய்ஞ்சிருக்கு. யாரோ தொட்டிருக்காங்க. கையைக் காட்டுங்க."

ஊசிக்காரி இரண்டு கைகளையும் நீட்டினாள். சுத்தமாக இருந்தன. "கழுவியிருக்கலாம்" என்றார். அவள் அழத் தொடங்கினாள். "அழுதாலும் சந்தேகம், சிரிச்சாலும் சந்தேகம். இந்த மனுசனுக்கு என்னதான் மேடம் வேணும்?" என்று என்னிடமே முறையிட்டாள். நானும் கைகளை நீட்டினேன். என் கைகளும் சுத்தமாகவே இருந்தன.

மூன்றரை மணி ஆயிற்று. இயக்குநரிடம் போவதற்கு முன்பு என் பொருள்களை எடுத்துவைக்கலாம் என்று கை கழுவும் இடத்துக்குப் போனேன். சாப்பிட்டதும் பையில் போட்டிருந்த டப்பாவைக் கழுவுவதற்காக, அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துண்டைப் பிரித்தேன்.

துண்டில் நீலம். டப்பாவின் இரண்டு பக்கக் கொக்கிகளிலும் நீலம்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பழைய டப்பா தட்டையானது. அது பிடி உடைந்துபோக, இரண்டு மாதங்களுக்கு முன்பு அக்காள் புதிய டப்பா வாங்கிக் கொடுத்தாள். அது இரண்டு விரல் உயரம் கூடியது. பக்கங்களில் கொக்கி வைத்தது. உள்ளே தள்ளினால் கொக்கிகள் கதவில் இடிக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் நுழையும். புதன்கிழமைகளில் இயக்குநர் அறையில் கூட்டம் நடக்கும். அங்கேயே சாப்பாடு கொடுப்பார்கள். நான் டப்பா கொண்டு வருவதில்லை.

குழாயைத் திறந்திருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவை அதற்கடியில் ஒரு நொடி காட்டினால் போதும். அந்த நொடிக்கு எதிர்ப்புறத்தில் ஒரு பெண்ணின் ஆறு ஆண்டு உழைப்பும், நான்கரை மணிக்குக் காப்பக வாசலில் நிற்கும் குழந்தையும் இருந்தன. இந்தப் பக்கத்தில் நான் எழுதி ஒட்டிய ஓர் அறிவிப்பும், முப்பது ஆண்டுகளாக யாரும் ஒரு சொல் குறை சொல்லாத என் பெயரும் இருந்தன. நான் உடனே முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசை. எடுக்கவில்லை. தண்ணீர் நெடுநேரம் ஓடியது. வாசலில் யாரோ நிற்பது போலத் தோன்றித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

குழாயை மூடினேன். டப்பாவைக் கழுவாமல் துண்டோடு எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவருடைய மேசையின் மேல் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். என் குறிப்பைத் திரும்ப வாங்கி, அதன் அடியிலேயே காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வேலியே பயிரை மேய்ந்ததா அம்மா?" என்று மட்டும் கேட்டார். ஊசிக்காரியின் பணி அன்றே நிரந்தரமானது.

வெளியே வந்ததும், வெட்கம் தாளாமல் முதல் வேலையாக டப்பாவைக் கழுவிவிட்டேன். துண்டையும் சோப்புப் போட்டுக் கசக்கினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு.

நான் சொன்னதைக் கேட்டதும், "டப்பாவைக் காட்டுங்க" என்றார் சந்தேகம்.

"கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்களா? அத்தாட்சியையா?"

"அதான் நான்தான் என்று சொல்லிவிட்டேனே!"

"சொன்னா ஆச்சா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேற்றிலிருந்து நான் பார்த்த பார்வைகளில் அது புதியது. "அந்தப் பொண்ணு அழுததைப் பார்த்தீங்க. மனசு தாங்கல. பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க. எனக்கு அப்படித்தான் தோணுது."

எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். டப்பாவை அளந்து பாருங்கள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதை மறுபடியும் ஒருவர் கண்ணில் காட்டக் கூசியது. அவர் காற்று வெளியேறும் வாயில் கம்பி வலை ஒன்றை அடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பழுது வரவேயில்லை.

ஊசிக்காரி ஒரு மாதம் என்னோடு வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர வேறு பேசவில்லை. ஒருநாள் நண்பகலில், "மேடம், இன்னைக்குச் சாப்பாடு ஆறிடுச்சா, இல்ல புது அடுப்பு ஏதாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னை மன்னித்தாளா என்பதை அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்டதில்லை.

அவரோடு எனக்கு நட்பு ஏற்பட்டது அந்தச் சந்தேகத்தால்தான். வேறு கருவிகளுக்காக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவார். போகும்போது, "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க" என்பார். "உண்மையைத்தான் சொன்னேன்" என்பேன். "வலை போட்டதுக்கப்புறம் பழுது வரலைங்கறது, நீங்க பண்ணினதுக்கு அத்தாட்சி ஆகாது. யார் பண்ணியிருந்தாலும் வலை தடுக்கும்" என்பார். நான் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வீட்டுக்கும் போய் வருவேன். உலகத்தில் எல்லாரையும் கெட்டதற்காகச் சந்தேகப்பட்ட மனிதர், என்னை மட்டும் நல்லதற்காகச் சந்தேகப்பட்டார். அதைப் பொறுத்துக்கொள்வது எளிதாக இல்லை. பெறத் தகாத பாராட்டு மடியிலுள்ள கனத்தைப் போன்றது.

இருபத்தோர் ஆண்டுகள் கழிந்தன. நுரையீரல் நோயால் அவர் படுத்த படுக்கையானார். ஒருநாள் காலையில் அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். "உங்களை வரச் சொல்றாரு. அந்த டப்பா இன்னும் இருக்கான்னு கேட்கறாரு. இருந்தா எடுத்துட்டு வரணுமாம்."

டப்பா இருந்தது. அதில் நூல்கண்டுகளையும் பொத்தான்களையும் போட்டு வைத்திருந்தேன். அவற்றைக் கொட்டிவிட்டு எடுத்துப் போனேன். இம்முறை கூசவில்லை. அவர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினேன்.

முன்னறையில், சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையணைக்கடியிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தார். அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் நீலம் படிந்திருந்தது. "கதவு விளிம்புல ரெண்டு நசுங்கல். நடுவுல ஒன்பது சென்டிமீட்டர் மூணு மில்லிமீட்டர்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே படித்தார். மனைவி தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவைக் கொடுத்தார். மடங்கிய விரல்களால் அதை டப்பாவின் ஒரு கொக்கியிலிருந்து மறு கொக்கி வரை பிடித்தார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

ஒன்பது சென்டிமீட்டர், மூன்று மில்லிமீட்டர்.

"இப்பவாவது நம்புவீங்களா? அவங்களே சொல்றாங்க, டேப்பும் சொல்லுது" என்றார் மனைவி.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார், அடையாள அட்டையோடு ஒப்பிட்ட அன்று பார்த்தது போலவே. அன்று பிற்பகலிலிருந்து அவர் பேசவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார். அதற்கு முன்பு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாடாவை மனைவியிடம் திருப்பி நீட்டினார்.

"இது துணி டேப். நாளாக நாளாக இழுபட்டிருக்கும். வேற ஒண்ணு வேணும். இரும்பு டேப் கொண்டு வரச் சொல்லு."